கேரியர் மூடியில் ஒரு பகடை

சும்மா உருட்ட விடமாட்டார். அவரைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பகடை அவருடைய சட்டைப் பையில் இருக்கும். இருபது முகம், தேன் நிறம், ஒன்றே ஒன்று. தொலைந்தால் சென்னை முழுக்க அலைந்தாலும் இன்னொன்று கிடைக்காது. அதை உருட்டிய இடமோ கும்மிடிப்பூண்டிக்கும் சென்னைக்கும் நடுவே ஓடும் மின்சார ரயில். எதிரெதிர் பெஞ்சு, மடியில் ஒரு பை, பையின் மேல் மல்லாத்தி வைத்த டிபன் கேரியர் மூடி. அதனால் யார் பகடைக்குக் கை நீட்டினாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பார்.

"உருட்டித்தான் ஆகணுமா?"

நான் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன். ஏணியில் ஏற ஓர் அனுமதிச் சீட்டு, இறங்கியபின் அதே சீட்டில் இன்னொரு கையெழுத்து, மூன்று பிரதி. என்னிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் உத்தியோகத்தில் கால்வாசிகூட மிஞ்சியிருக்காது.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பலகை கிடையாது, சீட்டு கிடையாது, பந்தயம் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "எதிரே ஒரு கதவு. என்ன செய்யறீங்க?" என்பார். செய்வதை நாம் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பது உண்மையிலேயே சந்தேகமாக இருந்தால் மட்டும் பகடை. பெரிய எண் விழுந்தால் நடந்தது. சின்ன எண் விழுந்தால் மாட்டினோம்.

அவருடைய கம்பெனி ஒருமுறை புது இயந்திரம் வாங்கியபோது மூன்று மாதப் பயிற்சிக்காக அவரை ஜெர்மனிக்கு அனுப்பியதாம். ஞாயிற்றுக்கிழமை பால்கூட வாங்க முடியாத ஊர். விடுதியில் பேச ஆளில்லை. கீழ்த்தளத்தில் கல்லூரிப் பையன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஏதோ உருட்டிக்கொண்டிருந்ததை நாலு வாரம் வாசலில் நின்று பார்த்தாராம். ஐந்தாவது வாரம் அவர்களே நாற்காலி போட்டார்கள். ஊர் திரும்பும்போது இந்த ஒரு பகடையைக் கையில் கொடுத்தார்கள்.

ரயிலில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். அதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் ஓர் அம்மா, ஜாக்கெட் தைக்க என்ன வாங்குவீர்கள் என்று விசாரித்தார். "அந்த மாஸ்டர் அடுத்த பெட்டிம்மா," என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

ஆட்டத்தில் இன்னும் இரண்டு பேர். டேவிட் எங்கள் தொழிற்சாலையில் ஃபிட்டர், மீஞ்சூரில் ஏறுவான். ஜமால் ஒரு பெயின்ட் கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்தான். பழவேற்காட்டில் அவன் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை இருந்தது. கடையில் அண்ணன்களுக்கே இடம் போதவில்லை என்று இவனை வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். பஸ் பிடித்துப் பொன்னேரிக்கு வந்து ஏறுவான். மாலையில் அங்கேயே இறங்கிவிடுவான். கதையில் ஜமால் ஒரு திருடன். அந்தத் திருடனுக்குத் தினமும் சாயங்காலம் பொன்னேரியில் தூக்கம் வந்துவிடும். சண்டை நடுவில் இருந்தாலும் சரி. மறுநாள் காலை அதே பொன்னேரியில் விழிப்பான். எதிரிகள் இதை ஒருநாளும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. மாஸ்டருக்கு அந்த அளவுக்கு நாகரிகம் இருந்தது.

நான் எப்படிச் சேர்ந்தேன் என்பதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. ரயிலில் சூதாட்டம் தண்டனைக்குரிய குற்றம். அதைச் சுட்டிக்காட்டலாம் என்றுதான் முதலில் பக்கத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சுட்டிக்காட்டவில்லை. செய்தித்தாளை விரித்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். மறுநாளும் அதே பெஞ்ச். ஒரு மாதம் ஓடியிருக்கும். ஒரு மாலை, அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"சார், கவரப்பேட்டையிலேர்ந்து அதே பக்கத்தைத்தான் பிடிச்சிருக்கீங்க. இப்ப பொன்னேரி தாண்டியாச்சு. இந்தப் பக்கம் வந்து உக்காருங்க."

டேவிட் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ மாஸ்டர், அவரு எங்க சேப்டி சாரு. ஆட்டத்துக்கும் எல்மெட்டு போடச் சொல்லுவாரு."

"கதையில காவல்காரன் வேலை காலியா இருக்கு," என்றார் மாஸ்டர். "அவருக்குப் பொருந்தும்."

அன்றைக்குச் சேர்ந்தேன்.

கதை நடந்தது ஓர் உப்பளத்தில், இடிந்த கோட்டை ஒன்றில். முதல் வாரமே எனக்கும் அவருக்கும் தகராறு. என் காவல்காரன் ஒவ்வொரு கதவையும் சோதிக்க வேண்டும் என்றேன். கீல், தாழ்ப்பாள், நிலை, தரை என்று பத்து அம்சம் கொண்ட பட்டியல் ஒன்றும் எழுதி வந்திருந்தேன். ஒவ்வோர் அம்சத்துக்கும் ஒரு முறை உருட்ட வேண்டும் என்பது என் வாதம். 'பெர்செப்ஷன்' என்று மாஸ்டர் சொல்வதை டேவிட் நோட்டம் என்று மாற்றியிருந்தான். 'ஸ்டெல்த்' என்பது பம்முறது. அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன.

"கதவுக்குப் பத்து நோட்டமா?" என்றார்.

"அதுதான் முறை."

"அந்தக் கதவுல ஒண்ணுமே இல்லன்னா?"

"இல்லை என்பது சோதித்தால்தானே தெரியும்?"

"சார், ஒண்ணும் இல்லாத இடத்துல உங்களை உருட்டச் சொன்னா, நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். ஏதோ இருக்குன்னு நீங்க நம்புவீங்க. எண் சின்னதா விழுந்தா, இருந்தும் தெரியலன்னு நினைச்சுக்கினு அங்கயே நிப்பீங்க. மீஞ்சூர் வந்துடும்." ஊர்க்காரர்களோடு பழகிப் பழகி அவர் பேச்சிலும் அந்தக் 'கினு' வந்திருந்தது.

எங்கள் ஒவ்வொருவருக்கும் அவருடைய நோட்டுப் புத்தகத்தில் ஓர் எண் இருந்தது. தேடாமலே எவ்வளவு கண்ணில் படும் என்பதற்கான எண். எனக்குப் பதினாறு, ஜமாலுக்குப் பதினாலு, டேவிட்டுக்கு ஒன்பது. ஒளிந்திருப்பவனின் எண் பதினாறுக்குள் இருந்தால், நான் கேட்காமலே சொல்லிவிடுவார்: "சார், தூணுக்குப் பின்னால ஒரு கால் தெரியுது." பகடை எதுவும் இல்லை.

"கண்ணு அதுபாட்டுக்குப் பாக்கும். அதுக்கு டைஸ் வேணாம்," என்பார். "நீங்களா போய்த் தேடறீங்க, அது ஒளிஞ்சிருக்கு, தெரியாமப் போனா ஏதாவது கெட்டுப்போகும். இந்த மூணும் இருந்தா உருட்டுங்க."

ஒன்பது என்பதில் டேவிட்டுக்கு நிரந்தர வருத்தம். "இன்னா மாஸ்டர், ஒம்போதுன்னா நான் இன்னா குருடனா?"

"நீ இன்னிக்கு ரெண்டு காலுக்கும் வேற வேற செருப்பு போட்டுக்கினு வந்திருக்க, டேவிட்."

டேவிட் குனிந்து பார்த்தான். ஜமால் சிரித்த சிரிப்பில் கேரியர் மூடி கீழே விழுந்தது. அதற்குப் பிறகு அந்த எண்ணைப் பற்றி முறையீடு வரவில்லை.

பம்முவதிலும் அவர் அப்படித்தான். ஒரு நாள் ஜமாலின் திருடன் பட்டப்பகலில் உப்புப் பாத்திகளைக் கடக்க வேண்டியிருந்தது.

"பம்மிக்கினே போறேன். உருட்டட்டா?" என்றான்.

"யார்கிட்டேர்ந்து பம்முற?"

"யாராவது இருப்பாங்கல்ல மாஸ்டர்?"

"யாரும் இல்ல பாய். உன்னை யாரும் தேடல. நேரா நடந்து போ."

ஜமாலுக்கு முகம் விழுந்துவிட்டது. திருடனாக இருப்பதில் அவனுக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான். "பெரிய பேஜாரு மாஸ்டர் உங்ககூட. ஒருத்தன்கூட தேடலன்னா அப்புறம் நான் இன்னா திருடன்?" என்றான். சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தபடியே தோள்களைக் குறுக்கிக்கொண்டு அந்த உப்பளத்தைக் கடந்தான்.

இன்னொரு நாள், பத்துக் காவலர் இருக்கும் முற்றத்தைத் திருடன் பம்மிக் கடக்க வேண்டும். பத்துப் பேருக்கும் தனித்தனியாக உருட்ட வேண்டும் என்றேன். ஆய்வு என்றால் அதுதானே? அவர் தலையை ஆட்டினார். "பத்து தடவை உருட்டச் சொன்னா எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரனும் ஒரு தடவை மாட்டுவான். அப்புறம் அது கதை இல்ல, மாட்டிவிடறது. ஒரு தடவை உருட்டினது உருட்டினதுதான். அந்த எண்ணோட முற்றத்தைத் தாண்டட்டும். நிலைமை மாறினா மட்டும் மறுபடி." என் வேலையில் எத்தனை பேரை நான் பத்தாவது சோதனையில் பிடித்திருக்கிறேன் என்று அன்று இரவு எண்ணிப் பார்த்தேன். பட்டியல் நீளம்.

ஒருமுறை வண்டி குலுங்கி, பகடை மூடியிலிருந்து குதித்துவிட்டது. பெட்டி நீளத்துக்கும் உருண்டு போய், காலிக் கூடையோடு வாசலருகே உட்கார்ந்திருந்த மீன்காரம்மாவின் காலடியில் நின்றது. டேவிட் இங்கிருந்தே கத்தினான். "யக்கா, தொடாத. மேல இன்னா நம்பர் கீதுன்னு மட்டும் சொல்லு."

அந்தம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "பதினேழு. இன்னாய்யா இது, லாட்டரியா?"

மூடியை விட்டு வெளியே விழுந்ததை எண்ணக்கூடாது, மறுபடி உருட்ட வேண்டும் என்று நான் விதி பேசினேன். மாஸ்டர் எழுந்து போய்ப் பகடையை எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்தார். "மூடியில விழுந்தா என்ன, ரயில்ல விழுந்தா என்ன? பதினேழுதான்." அந்தம்மா அன்றிலிருந்து எங்களைப் பார்த்தால், "இன்னிக்கு எத்தினி?" என்று கேட்பார்.

டேவிட் மீஞ்சூரில் இறங்கியதும் கதை நின்றுவிடும். மிச்சம் நாங்கள் இருவர். அவர் எண்ணூரில் இறங்குவார், நான் திருவொற்றியூரில். ஒரே ஆள் மிஞ்சினால் கதை சொல்ல மாட்டார். நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு என்று ஒவ்வொன்றாக வரும். வள்ளூர்ப் பக்கம் புது மின்நிலையத்துக்காக நின்ற கிரேன்களை இருவரும் பார்த்துக்கொண்டு போவோம். அவர் வீட்டில் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் வீட்டைப் பற்றி அவரும் கேட்டதில்லை. யாரும் இல்லை என்பதால் நான் சொல்வதற்கும் ஒன்றும் இருக்கவில்லை. பகலெல்லாம் நான் பேசிய வாக்கியங்களில் பாதி 'ஹெல்மெட் எங்கே?' என்பதுதான். மிச்சப் பாதி அந்த ரயிலில் பேசியவை.

உலகமே மந்தம் என்று செய்தித்தாள்கள் எழுதிய வருடம் அது. எங்கள் ஆலைகள் இருந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட்டுகள் குறைந்தன. அங்கே தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு மாதம் ஒரு கூட்டம் உண்டு. ஓர் ஆலையில் தீப்பிடித்தால் பக்கத்து ஆலைகள் யார் யார் உதவிக்குப் போவது என்று ஒரு பட்டியல் வைத்திருந்தோம். அந்த மாதக் கூட்டத்தில் பட்டியலைத் திருத்தினார்கள். மூடப்பட்ட ஆலை ஒன்றின் பெயரை அடித்தார்கள். அது மாஸ்டரின் கம்பெனி. திருத்திய பட்டியலில் எல்லாரையும் போல நானும் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை எண்ணூரில் அவர் ஏறினார். அதே பை, அதே கேரியர், சட்டைப் பையில் அதே அடையாள அட்டை. "காவல்காரரே, நேத்து எங்க விட்டோம்?" என்றார்.

எங்கே விட்டோம் என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் அவர் நகக்கண்களில் இருந்த கறுப்பு போய்விட்டது. எத்தனை சோப்பு போட்டாலும் போகாத இயந்திர மசி அது. வேலை போனால்தான் போகும். பிறகு அந்த மூடி. முன்பெல்லாம் மாலையில் கேரியர் மூடி ஈரமாக இருக்கும். மதியம் சாப்பிட்டுக் கழுவிய ஈரம். பகடை ஒட்டிக்கொள்ளும் என்று கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குவார். இப்போது மாலையிலும் மூடி காய்ந்தே இருந்தது. ஆனாலும் துடைத்தார். காய்ந்த மூடியைக் கைக்குட்டையால் தினமும் துடைத்தார்.

கதை மட்டும் அந்த நாட்களில் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. கோட்டைக்கு அடியில் சுரங்கம், சுரங்கத்தில் ஒவ்வோர் அறைக்கும் வரைபடம், ஒவ்வொரு காவலனுக்கும் ஒரு வரலாறு. "மாஸ்டர், இப்பல்லாம் கதை சும்மா ஜோரா போய்க்கினு கீது. இதுக்கெல்லாம் எங்க டைம் கெடைக்குது உனக்கு?" என்றான் டேவிட். அவன் எண் ஒன்பது.

"கிடைக்குது," என்றார்.

எங்கே கிடைத்தது என்பதை நான் பார்த்தேன். தாசில்தார் அலுவலக வேலையாக ஒரு நாள் பதினோரு மணிக்குக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கம் போனேன். பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் மாஸ்டர் உட்கார்ந்து நோட்டில் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். வெயில் முழங்கால் வரை ஏறியிருந்தது. நகராமல் வரைந்துகொண்டிருந்தார். நான் டீக்கடையின் மறைப்புக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவர் தலை நிமிர்ந்தாரா, என்னைப் பார்த்தாரா என்று தெரியாது.

எங்கள் தொழிற்சாலையில் அப்போது பராமரிப்புப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. பணியாளர் பிரிவுக்கு ஒரு பக்கக் குறிப்பு, பிரிவுத் தலைவரின் ஒப்புதல், மருத்துவப் பரிசோதனை, பத்து நாளில் ஆள் உள்ளே வந்துவிடலாம். அதன் நடைமுறை என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. ஆனால் அது ஷிஃப்ட் வேலை. அவர் வரும் ரயில் வேறாகிவிடும். நாலு பேர் மூன்றாகி, கதை சொல்ல ஆளில்லாமல், டேவிட் தூங்கிக்கொண்டும் ஜமால் போனை நோண்டிக்கொண்டும் வருவார்கள். நான் திரும்பச் செய்தித்தாளை விரிக்க வேண்டும். அடுத்த வாரம் எழுதலாம் என்று நினைத்தேன். சுரங்கத்தின் கடைசி அறைக்கு அப்போது வந்திருந்தோம். அது முடியட்டும் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அதையே நினைத்தேன். அந்த இடத்துக்கு வேறு ஓர் ஆள் வந்து சேர்ந்தான். அவனுக்குப் பாதுகாப்பு விதிகளைப் பற்றி வகுப்பு எடுத்தவன் நானே.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை. ஜமாலின் திருடன் பொன்னேரியில் தூங்கப் போனான். மீஞ்சூரில் டேவிட், "திங்கக்கெழம பாக்கலாம் மாஸ்டர். அந்தக் கதவ நாந்தான் ஒடைப்பேன், சொல்ட்டேன்," என்று இறங்கிப் போனான். வழக்கமாக அந்த நேரத்தில் பகடை சட்டைப் பைக்குள் போய்விடும். அன்று போகவில்லை. மூடி அவர் மடியிலேயே இருந்தது.

நந்தியம்பாக்கத்தில் வண்டி நின்றது. ஏற யாருமில்லை.

"சார், ஒரு தடவை உருட்டுங்க," என்றார்.

"எதுக்கு மாஸ்டர்? இன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுதே."

"நோட்டம்."

தேவையில்லாமல் உருட்டச் சொல்கிறவர் அல்ல. பகடையை எடுத்தேன். வண்டி நின்றிருந்ததால் அது துள்ளவில்லை. காய்ந்த மூடியில் கலகலவென்று சுற்றி நின்றது. பத்தொன்பது. என் காவல்காரனுக்கு நோட்டத்தில் எப்போதும் ஆறு கூடுதல். இருபத்தைந்து. அந்த எண்ணுக்கு எதுவும் ஒளிய முடியாது என்பது அந்த ஆட்டத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

இந்த இடத்தில் அவர்தான் சொல்ல வேண்டும், என்ன தெரிகிறது என்று. அதுதான் முறை. அன்று அவர் சொல்லவில்லை. கேட்டார்.

"என்ன தெரியுது சார்?"

வண்டி கிளம்பியது. அவர் நகங்களைப் பார்த்தேன். மூடியைப் பார்த்தேன். சட்டைப் பையில் அந்த அட்டை இருந்தது. பெட்டிக்கு வெளியே கிரேன்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை.

"ஒண்ணும் தெரியல மாஸ்டர்," என்றேன்.

"சரி சார்."

கைக்குட்டையை எடுத்து மூடியை ஒருமுறை துடைத்தார். பகடையைப் பைக்குள் போட்டார். மூடியைக் கேரியரின் மேல் பொருத்தி, கொக்கியை மாட்டினார். அத்திப்பட்டு வந்தது, போனது. எண்ணூர் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"மாஸ்டர், இன்னொரு தடவை உருட்டிப் பாக்கட்டுமா?"

அவர் வாசலுக்குப் போக எழுந்திருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"நிலைமை ஏதாவது மாறிச்சா சார்?"

சொல்வதற்கு அப்போதும் நேரம் இருந்தது. பிளாட்பாரம் வரத் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான். நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப வேணாம்," என்றார். கோபம் எதுவும் இல்லை. ஜமாலிடமும் டேவிட்டிடமும் சொல்லும் அதே குரல். எண்ணூரில் இறங்கிக் கூட்டத்தோடு நடந்தார்.

திங்கட்கிழமை காலை எண்ணூரில் ரயில் வழக்கம்போல் நின்று கிளம்பியது. மீஞ்சூரில் டேவிட் ஏறி, "மாஸ்டர் எங்க சார்?" என்றான். "லீவா இருக்கும்," என்றேன். பொன்னேரியில் ஜமால் ஏறினான். அவன் திருடனை எழுப்ப ஆளில்லை. நான் செய்தித்தாளை விரித்தேன். கும்மிடிப்பூண்டி வரும்வரை ஒரே பக்கத்தைப் பிடித்திருந்தேன்.